வாத்தியாருக்கு இனிக்கவில்லை

அத்தியாயம் 14

அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். பதின்மூன்று வாரமாக இந்தக் குடும்பத்தோடு பழகிவிட்ட உங்களுக்கு அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் அவள் போட்ட குண்டு இதுதான்: செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மருமகளின் அப்பா வந்து தன் மகளை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். ஏழு வருஷம் பொறுத்தாயிற்று, வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. போதாக்குறைக்கு, மகன் இருமிய கைக்குட்டையில் இப்போது ரத்தம் வேறு. இந்தப் பெண் காலெடுத்து வைத்த நேரமே சரியில்லை என்று அம்மா தீர்ப்பு எழுதி முடித்துவிட்டாள்.

இன்று அந்தச் செவ்வாய்க்கிழமை.

அம்மாவின் மூத்த மகளுக்கு அதில் சம்மதமா? எக்ஸ்ரே அக்காவைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாராவது சொந்தப் பேரைச் சொல்லி அழைத்தால் அவளுக்குத் திரும்பிப் பார்க்கவே தோன்றாது. இருபத்து நான்கு வருஷமாக ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடிக்கிறவள். அம்மா குண்டு போட்டபோது அவள் ஆமாம் போடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

தம்பி கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் அவர் வருவதற்கு முன்னால் அவர் இருமல் வந்துவிடும். பிள்ளைகள் அதைக் கேட்டே புத்தகத்தைத் திறந்துகொள்வார்கள். பிறந்ததிலிருந்தே மூக்கடைப்பு, காதுவலி, சளி. ஒரு டாக்டர் ஒவ்வாமை என்றார், இன்னொருவர் ஆஸ்துமா என்றார். அம்மாவோ, பையன் மறைந்து மறைந்து சிகரெட் பிடிக்கிறான் என்றாள். அவர் இதுவரை ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் மறுப்பதையே விட்டுவிட்டார்.

ரத்தத்தைப் பார்த்ததும்தான் அக்கா விழித்துக்கொண்டாள். தன் ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் புதிதாக ஒரு நெஞ்சு டாக்டரம்மா வருகிறாள் என்று தம்பியை வரச்சொன்னாள். கூடவே அவன் மனைவி வந்தாள். யாரும் கூப்பிடாமலே அம்மாவும் வந்து, டாக்டருக்கு எதிரே இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பேச்சு குறைவு. வாத்தியாரைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். இதுவரை ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்த டாக்டர்களெல்லாம் முதுகில்தான் வைத்தார்கள். இருமல்காரனுக்கு அங்கேதானே வேலை. இவள் முதுகை முடித்துவிட்டு முன்பக்கம் வந்தாள். இடது மார்பில் வைத்தாள். கொஞ்சம் கீழே, அப்புறம் கொஞ்சம் பக்கவாட்டில். நெற்றி சுருங்கியது. குழாயின் முனையை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள்.

பிறகு பழைய படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் எக்ஸ்ரே அக்கா தன் கையாலேயே எடுத்த படம். எந்த டாக்டரிடம் போனாலும் வாத்தியார் அதைத்தான் நீட்டுவார்; எங்க அக்கா எடுத்தது என்று பெருமையாகச் சொல்லுவார்.

"இந்த மூலையை ஏன் வெட்டியிருக்கு?" என்றாள் டாக்டரம்மா. "வலது, இடது எழுத்தெல்லாம் கையால எழுதியிருக்கே."

படம் எடுக்கும்போது எது வலப்பக்கம் என்று காட்ட, தகட்டின் ஓரத்தில் ஈயத்தில் செய்த எழுத்து ஒன்றை ஒட்டுவார்கள். அது படத்திலேயே வெள்ளையாக விழுந்துவிடும். பிறகு யாரும் கைவைக்க முடியாது.

அந்த எழுத்து அப்போது தொலைந்துபோயிருந்தது என்று அக்கா சொன்னாள். பொய் அத்தனை சுலபமாக வாயில் வந்து விழுந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் கதவோரம் நின்றிருந்த தம்பி மனைவி வாயைத் திறந்தாள். அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். வாடிக்கையாளர்களுக்குத் தையல்காரி. மாமியாருக்கு மட்டும் 'அவ'.

"டாக்டர், அவருக்கு இந்தப் பக்கந்தான் அடிக்குது" என்று தன் வலது மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

அம்மா மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் இந்தப் பெண் இதையே ஒருமுறை சொல்லியிருந்தாள். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலில் சிரித்தது எக்ஸ்ரே அக்காதான்; துறைக்காரி சிரித்துவிட்டாள் என்றதும் மற்றவர்களுக்குக் கேட்கவா வேண்டும்? அதற்கப்புறம் அந்தப் பெண் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்றும் அக்கா பழக்க தோஷத்தில், அவளுக்கு இடது வலது கொஞ்சம் குழம்பும் டாக்டர் என்று சொல்லிவைத்தாள்.

"நான் சட்டை தைக்கறவ அண்ணி" என்றாள் தையல்காரி, குரலை உயர்த்தாமல். "எனக்கு இடது வலது குழம்பினா ரெண்டு கையும் ஒரே பக்கம் வந்துடும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழாயைத் தூக்கி வாத்தியாரின் வலது மார்பில் வைத்தாள். நீண்ட நேரம் கேட்டாள். பிறகு, புதிதாக ஒரு படம் வேண்டும், இப்போதே வேண்டும், எழுத்தை ஞாபகமாக ஒட்டுங்கள் என்றாள்.

அக்கா தம்பியை எக்ஸ்ரே அறைக்கு அழைத்துப் போனாள். ஈய எழுத்தைத் தானே எடுத்தாள், தானே ஒட்டினாள். தம்பியின் வலது கையைப் பிடித்து, இது வலது கைதானே என்று அவனையே கேட்டாள். நீ சோறு சாப்பிடற கைதானேடா என்று இன்னொரு தடவை கேட்டாள். நெஞ்சைத் தகட்டில் ஒட்டி நிற்கவைத்தாள், தோளை முன்னால் தள்ளினாள். ஆயிரம் பேருக்குச் சொன்னதையே சொன்னாள்: மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க.

திரையில் படம் வந்தது.

இதயம் எழுத்து இருந்த பக்கத்தில், வலப்பக்கத்தில், சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

அவள் கை தானாகவே திரையின் ஓரத்துக்குப் போனது. படத்தைக் கண்ணாடி போலத் திருப்புகிற பொத்தான் அங்கேதான் இருக்கிறது. இருபத்து நான்கு வருஷத்துக் கை அது, கோணல் என்று தெரிந்தால் நேராக்கித்தான் அதற்குப் பழக்கம். ஒரு தட்டு தட்டினால் இதயம் இடது பக்கம் வந்துவிடும். படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதையேதான் செய்தாள். அன்றைக்கு ஈய எழுத்து தொலையவே இல்லை. இருட்டறையிலிருந்து ஈரப்படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது, எழுத்தைப் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். அதுவும் சொந்தத் தம்பிக்கு! வெளியே தெரிந்தால் மானம் போகும். கத்தரியால் மூலையை நறுக்கினாள், படத்தைத் திருப்பினாள், வெள்ளை மையால் எழுதினாள், கையைக் கழுவிக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து வெளியே எங்கோ ஒரு படம் எடுத்து வந்தான். அதிலும் இதயம் வலப்பக்கம். ஊருக்கெல்லாம் இடது வலது சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அதையும் திருப்பி மாட்டிவைத்தாள்.

இப்போது அவள் எழுந்து உள்ளே போய்த் தம்பியின் வலது மார்பில் உள்ளங்கையை வைத்தாள். தாராளமாக அடித்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. ஒரு நாள்கூடத் தனக்கு இது கையில் படவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என்னக்கா, பெரிசா ஏதாவது இருக்கா என்று கேட்டான் அவன். ரத்தம் வந்த நாளிலிருந்து அவன் மனசில் ஒரே ஒரு வியாதியின் பேர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பதில் சொல்லாமல் சட்டையை எடுத்து நீட்டினாள்.

பொத்தானைத் தட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அம்மா நினைத்தது நடக்கும், ஐந்து மணிக்கு அந்தப் பெண் போய்விடும், எக்ஸ்ரே அக்காவின் பேரில் ஒரு கீறல் விழாது. அதையெல்லாம் அக்கா யோசிக்கவில்லை என்று சொன்னால் அது கதை. யோசித்தாள். யோசித்துவிட்டு, திருப்பாத படத்தோடு டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தாள்.

எல்லோரும் இருந்தார்கள். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"டாக்டர், அந்த எழுத்து தொலையல. பொய் சொன்னேன். இதயம் வலது பக்கம் இருந்துச்சு, நான்தான் தப்பா எடுத்துட்டேன்னு நினைச்சுத் திருப்பிட்டேன். இவ அன்னைக்கே சொன்னா. நாங்க சிரிச்சோம்."

தையல்காரி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வாத்தியார் தன் நெஞ்சைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா திரையையே பார்த்தாள். இரைப்பையில் இருக்கிற காற்றுக்குமிழிகூட வலப்பக்கம்தான் என்று பேனாவால் தொட்டுக் காட்டினாள். உள்ளே எல்லாமே பக்கம் மாறி இருக்கிறது. அதனால் ஒன்றும் மோசமில்லை, அப்படியே நூறு வயசு வாழலாம். ஆனால் இப்படிப் பக்கம் மாறினவருக்கு இந்த இருமலும் சேர்ந்தால் ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "நல்லவேளை, இன்னைக்கு நீங்க திருப்பல" என்றாள்.

அடுத்து அவள் கேட்டது சாக்கரின். ஆமாம், காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிறார்களே, அதேதான். கடுகில் பாதி அளவு ஒரு துணுக்கை இடுக்கியால் எடுத்து வாத்தியாரின் மூக்கின் உள்ளே வைத்தாள். மூக்கின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள் உண்டு, அவை அசைந்து அசைந்து அதைத் தொண்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சேர்ந்ததும் இனிக்கும், அரை மணிக்குள் யாருக்கும் இனித்துவிட வேண்டும் என்றாள். உறிஞ்சக் கூடாது, தும்மக் கூடாது, இனித்தால் உடனே சொல்ல வேண்டும்.

ஒத்துப் பார்ப்பதற்கு இன்னொரு மூக்கு வேண்டும் என்றதும் அக்கா தன் மூக்கை நீட்டினாள். டாக்டரம்மா தையல்காரியிடம் கடிகாரத்தைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னாள்.

அக்காவும் தம்பியும் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சின்ன வயசில் விஷமம் செய்து அகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்த மாதிரிதான். பதினான்காவது நிமிஷம் அக்காவின் தொண்டையில் லேசாக ஒரு தித்திப்பு. சந்தேகமாக இருந்து, எச்சில் விழுங்கினாள், நன்றாகவே தித்தித்தது. சொன்னாள். தையல்காரி அந்த நேரத்தை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள்.

வாத்தியார் தலையை ஆட்டினார். இல்லை.

இருபது நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளைப் பொறுத்தவரை இது பரீட்சை, மகன் தோற்றுக்கொண்டிருக்கிறான். "இனிக்குதுன்னு சொல்லித் தொலையேன்டா" என்று காதோடு சொன்னாள். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க இரண்டு நிமிஷம் பிடித்தது. நாற்பது நிமிஷம். வெளியே காத்திருந்த நோயாளிகள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தையல்காரி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

ஒரு மணி நேரம் முடிந்தது. வாத்தியாருக்கு இனிக்கவில்லை.

நாக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டரம்மா இன்னொரு துணுக்கை அவர் நாக்கில் வைத்தாள். ஐயோ, பயங்கரமா இனிக்குது என்று முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்த ரோமங்கள் மூக்கில் மட்டுமில்லை, மூச்சுக்குழாய் முழுக்க இருக்கின்றன. சேருகிற சளியையும் தூசியையும் இரவு பகலாக மேலே தள்ளிக் கூட்டுவது அவற்றின் வேலை. வாத்தியாருக்கு அவை பிறந்ததிலிருந்தே அசையவில்லை. சளி தங்கித் தங்கிக் குழாய்கள் தொய்ந்துவிட்டன, அங்கே புண்ணாகித்தான் ரத்தம் வந்திருக்கிறது. கருவில் இருக்கும்போது எந்த உறுப்பு எந்தப் பக்கம் என்று தள்ளிவிடுவதும் இதே மாதிரி ரோமங்கள்தான். அவை அசையாதவர்களில் பாதிப் பேருக்கு இப்படிப் பக்கம் மாறிவிடும். பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு வருகிற விஷயம். மூக்கிலிருந்து தூரிகையால் கொஞ்சம் எடுத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்போகிறேன், முடிவு வர மூன்று வாரம் ஆகும், ஆனால் எனக்குச் சந்தேகமில்லை என்றாள்.

"புத்துநோய் இல்லையே?" என்று கேட்டார் வாத்தியார்.

"இல்ல. காசமும் இல்ல. யாருக்கும் ஒட்டாது. சிகரெட்டும் இல்ல" என்றாள் டாக்டரம்மா. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் அம்மாவைப் பார்த்தாள் என்று அக்காவுக்குத் தோன்றியது.

முப்பத்து நான்கு வருஷம் இன்னதென்று தெரியாமல் அலைந்த வியாதி ஒரே மத்தியானத்தில் பிடிபட்டுவிட்டது. அக்காவுக்குக் கைகொட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் டாக்டரம்மா முடிக்கவில்லை. குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு மருமகள் பக்கம் கையைக் காட்ட ஆரம்பித்தாள். டாக்டரம்மா அதைக் கவனிக்காத மாதிரி வாத்தியாரிடம், இது உங்களைப் பற்றியது, தனியாகப் பேசலாமா என்று கேட்டாள்.

வாத்தியார் அம்மாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எந்த வீட்டுச் சண்டையிலும் வாயைத் திறக்காத மனிதர் அவர். பதின்மூன்று வாரமாக நீங்களே பார்த்துவருகிறீர்கள்.

"இங்கேயே சொல்லுங்க டாக்டர். எல்லாருக்கும் கேக்கணும்" என்றார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. ஆணிடமிருந்து குழந்தைக்காகப் போகிற உயிரணுவுக்கு ஒரு வால் உண்டு. அந்த வாலும் இந்த ரோமமும் ஒரே வார்ப்பு. இது அசையாதவர்களில் நிறைய ஆண்களுக்கு அதுவும் அசைவதில்லை. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு வழியே இல்லை என்று அர்த்தமில்லை, இப்போது அதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. "ஆனா இத்தனை நாளா நீங்க தப்பான ஆளைச் சோதிச்சிருக்கீங்கன்னு நினைக்கறேன்" என்றாள்.

வாத்தியார் எழுந்து நின்றார்.

"ஏழு வருஷத்துல இவளை மூணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்மா. என்னை ஒருத்தர்கிட்டகூட கூட்டிட்டுப் போகல. நானும் போகல."

அம்மா, மருமகள் பக்கம் நீட்டியிருந்த கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தையல்காரி அழுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. ஏதோ பெரிய மூட்டையை இறக்கிவைத்தவளாக, நன்றாக மூச்சு இழுத்து விட்டாள். அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். மன்னிச்சுடும்மா என்று முணுமுணுத்தாள். இவ்வளவு நாள் கழித்துச் சொல்கிற வார்த்தை வாயில் வர வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு வேலை நடந்தது. ரோமம் கூட்டித் தள்ளாத சளியைக் கையால் தட்டித்தான் வெளியேற்ற வேண்டும், காலையும் மாலையும் இருபது நிமிஷம், தினமும், கூடவே மாத்திரை. டாக்டரம்மா வாத்தியாரைக் கட்டிலில் தலை தாழக் குப்புறப் படுக்கவைத்தாள். வீட்டில் யார் செய்வது என்று கேட்பதற்குள் தையல்காரி முன்னால் வந்து நின்றாள். கையைக் குழித்து வைத்துக்கொண்டு விலாவின் மேல் எப்படித் தட்ட வேண்டும் என்று டாக்டரம்மா காட்டினாள். நாலே தட்டில் அவளுக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. பத்து நிமிஷத்தில் வாத்தியார் எழுந்து உட்கார்ந்து, கிண்ணம் நிறையக் கக்கினார். அப்புறம் மூச்சை இழுத்தார். இன்னும் இழுத்தார்.

"அடி வரைக்கும் போகுதுக்கா" என்றார், நம்ப முடியாதவராக.

எக்ஸ்ரே அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள். இருபத்து நான்கு வருஷத்தில் எத்தனை பேரை மூச்சை நல்லா இழுங்க என்று விரட்டியிருக்கிறாள்!

அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால். தையல்காரியின் அப்பா வாசலில், தான் வந்த வாடகைக் காரின் பக்கத்தில் நின்றிருந்தார். மகள் வாழாவெட்டியாக வரப்போகிறாள் என்று தயார் பண்ணிக்கொண்டு வந்த முகம். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மா அவரிடம் வாங்க என்றாள். ஏழு வருஷத்தில் அவள் அவருக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பிறகு மருமகளிடம், அந்தப் பேச்செல்லாம் இனி எதுக்கு, உள்ள போ, அடுப்பைப் பாரு என்றாள். அம்மாவின் அகராதியில் மன்னிப்புக்கு இதுதான் வார்த்தை, இதுவே அதிகம். அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

தையல்காரி உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் இரண்டு பை. ஒன்று அவளுடையது. இன்னொன்று வாத்தியாருடையது. பின்னாலேயே வாத்தியார், மாத்திரைப் பொட்டலத்தோடு, நல்ல பிள்ளையாக நடந்து வந்தார்.

"நீ எங்கடா போற?" என்றாள் அம்மா.

"தட்டறதுக்கு அவதானேம்மா கத்துக்கிட்டா" என்றார் வாத்தியார்.

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் வருகிறாள் சரி, மாப்பிள்ளை ஏன் வருகிறார்? தையல்காரி பைகளை அவர் கையில் கொடுத்துவிட்டு மாமியாருக்கு நேராக வந்து நின்றாள். குரல் உயரவில்லை. கண் மட்டும் தாழவில்லை.

"அத்தை, நான் கோவிச்சுக்கிட்டுப் போகல. போன்னு சொன்னது நீங்க. வான்னு சொல்லவும் நீங்கதான் வரணும். அண்ணியை அனுப்பாதீங்க. நீங்களே வாங்க."

கார் கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை வாத்தியாரின் கை ஜன்னலுக்கு வெளியே அசைந்துகொண்டிருந்தது. இருமல் சத்தம் கேட்கவில்லை.

அம்மா படியிலேயே நின்றாள். அக்கா பக்கத்தில் நின்றாள். உள்ளே கூப்பிடலாமா, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மனசுக்குள் மட்டும், பலே பெண்ணே என்று ஒரு குரல் குதித்துக்கொண்டே இருந்தது.

கார் மறைந்த தெருமுனையைப் பார்த்துக்கொண்டே அம்மா கேட்டாள். அம்மாவின் வாயிலிருந்து அப்படி ஒரு சின்னக் குரல் வரும் என்று அக்கா கனவிலும் நினைத்ததில்லை.

"ஏண்டி, அவங்க வீடு எந்தத் தெருவுல இருக்கு?"